ஒன்றும் நடக்காத நான்காம் கோடு

லியெபாயாவில் கால்வாய்ப் பாலத்தின் தடுப்புக் கம்பம்
கப்பலே வராத இரவுகளில்
தானாக இறங்கியது.
மூன்று முறை.
மூன்றாம் முறை ரொட்டி வண்டியின் கூரைமேல்.

துறைமுக அலுவலகம் எழுதியது:
அறையில் இருந்தவர் இல்க்வார்ஸ்.
இறக்கும் பொத்தான் ஒன்றுதான்.
விரல் வேறு யாருடையதாக இருக்கும்?

ஜின்ட்ரா ரீகாவிலிருந்து பேருந்தில் வந்தாள்,
கோட்டுப் பையில் தீப்பெட்டி போல ஒரு லாஜிக் அனலைசர்.
எட்டு நிறத்தில் கம்பிகள், ஒன்பதாவது கறுப்பு.
கறுப்பைத்தான் முதலில் கவ்வவிட்டாள்.
எது பூஜ்யம் என்று ஒத்துக்கொள்ளாமல்
எந்த வழக்கையும் தொடங்க முடியாது.

அப்புறம் பெட்டிக்கு ஒரே கேள்வி:
ஒன்றரை வோல்ட்டுக்கு மேலா, கீழா?
மேலென்றால் உண்டு, கீழென்றால் இல்லை.
நடுவில் தயங்கியதா, நடுங்கியதா,
அதெல்லாம் இதன் கணக்கில் வராது.

கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது நம் இலக்கணம்.
அந்த ஒரு மாத்திரைக்குள்
ஐம்பது லட்சம் தடவை கேட்டுவிடுகிறது இது,
எட்டுக் கம்பியிடமும், அதே கேள்வியை.
கேட்டதை எழுதும்; இடம் தீர்ந்தால்
மிகப் பழையதன்மேல் எழுதும்.
ஐந்தாம் கம்பி மோட்டாருக்குப் போவது.
அது எழும்பும்வரை மறந்துகொண்டே இரு,
எழும்பியதும் மறப்பதை நிறுத்து.
அவ்வளவுதான் அவள் இட்ட கட்டளை.

முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவும்.
கவ்வியிருப்பதே பாரமாகி
கம்பி ஒழுங்காக நடந்துகொள்கிறதோ?
கழற்றினாள். கம்பிகளைக் குட்டையாக்கி மறுபடி மாட்டினாள்.
இல்க்வார்ஸ் தன் நாற்காலியை
பொத்தானிலிருந்து நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு
கைகளை மடியில், எல்லோருக்கும் தெரியும்படி, வைத்திருந்தார்.

மூன்றாம் இரவு, மூன்று பன்னிரண்டுக்கு
கம்பம் விழுந்தது.
திரை நிரம்பியது.

முதலில் வெறும் பச்சைப் பட்டை.
சுட்டியின் சக்கரத்தை அவள் உருட்ட உருட்ட
பட்டை பிரிந்து படிக்கட்டாயிற்று;
குறிலும் நெடிலுமாய் இறங்கி ஏறும் கோடுகள்,
அவற்றின் தலைமேல் சின்னப் பெட்டிகளில் எண்கள்.
ஒரு கம்பி பேசும், ஒரு கம்பி தாளம் போடும்.
எட்டுத் தட்டு முடிந்தால்
கேட்பவன் 'ம்' கொட்ட வேண்டும்.
ம். ம். ம்.
நிமிடக்கணக்கில் ஒழுங்கான ம்.

பிறகு ஓரிடத்தில்
எட்டாம் எழுத்து முடியுமுன்பே ஒரு 'ம்'.
பாதிப் பேச்சில் தலையாட்டுகிறவனைப் போல.
ஜின்ட்ரா பின்னால் போனாள்.
தாளக் கம்பியில், இரண்டு தட்டுக்கு நடுவே,
குற்றியலுகரத்தினும் குறுகிய ஒரு பள்ளம்.
இரண்டே இரண்டு புள்ளி அகலம்.
அதையும் ஒரு தட்டாக எண்ணி
ஒவ்வோர் எழுத்தும் ஓரிடம் நகர்ந்து,
'தூக்கியே வை' என்றது
'இறக்கு' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மூன்று பன்னிரண்டுக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"
இல்க்வார்ஸ் வெகுநேரம் யோசித்தார்.
"கெட்டில் கொதித்து அணைந்தது," என்றார்,
குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அதே குழாயில்தான் எல்லா வயரும் ஓடியது.

அவள் பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டாள்.
அவர் அதைப் பார்க்கவில்லை.
"இது என்ன?" என்று நான்காம் கோட்டைத் தொட்டார்.
திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை.

"பொத்தான்."

சக்கரத்தைத் தானே வாங்கி உருட்டினார்.
முன்னே போனார், பின்னே போனார்.
எவ்வளவு நெருங்கினாலும் அது நேராகவே இருந்தது.

"இதை மட்டும் அச்செடுத்துத் தர முடியுமா?
முழு நீளத்துக்கும்?"

"முழு நீளம் என்றால் பல காகிதம் ஆகும்.
எதிலும் ஒன்றும் இருக்காது."

"ஆகட்டும்."

விடியும் நேரத்துக்குக் காற்று கண்ணாடியை உலுக்கியது.
பழக்கத்தில் எழுந்து போனவர்
கெட்டிலின் சுவிட்சில் விரல் வைத்தபடி நின்றுவிட்டார்.

"போடுங்கள்," என்றாள் ஜின்ட்ரா.
"கவ்விகளை நான் இன்னும் கழற்றவில்லை."